புது நாடு, புது நோட்டு: வாசகர் கேள்வி பதில்

போன மாசம் ரூபா மதிப்பு எறங்கறதைப் பத்தி இந்தப் பக்கத்துல எழுதறப்போ, சுதந்திரம் வாங்குன ஒரு நாடு தனக்குன்னு பணத்த எப்புடி உண்டாக்குதுங்கறது பெரிய கதைன்னு ஒரே ஒரு வரி போட்டிருந்தேன். அந்த ஒத்தை வரியப் புடிச்சுக்கிட்டு நீங்க அனுப்புன கேள்விகதான் இந்தத் தடவ பக்கம் பூராவும்.

எங்க பெரியப்பா பையன் ராணுவத்துல இருக்கறாருங்க, ஐ.நா. அமைதிப்படையில தெற்கு சூடான் போயிட்டு வந்து அந்த ஊரு நோட்டு ஒண்ணு குடுத்தாரு. அந்த நாடு பொறந்து பத்து நாளுக்குள்ள சொந்த நோட்டு விட்டுருச்சுன்னு சொல்றாரு. நெசமாவே முடியுமுங்களா? இப்போ அதுக்கு மதிப்பு இருக்குதுங்களா?
வாசகர், பவானி

நெசந்தானுங்க. 2011 ஜூலை 9-ம் தேதி தெற்கு சூடான் தனி நாடாச்சு, அதே மாசம் 18-ம் தேதி தெற்கு சூடான் பவுண்டு சனங்க கைக்கு வந்துருச்சு. ஆனா ஒம்பது நாள்ல அடிச்சதுன்னு நெனச்சுக்காதீங்க. அந்த வருசம் ஜனவரியிலயே பொது வாக்கெடுப்பு நடந்து, கிட்டத்தட்ட 99 சதவீதம் பேரு பிரிஞ்சு போலாம்னு ஓட்டுப் போட்டுட்டாங்க, அதனால தயார் பண்றதுக்கு நேரம் கெடச்சுது, நோட்ட வெளிநாட்டுல அச்சடிச்சு ஏரோப்ளேன்ல தலைநகரம் ஜூபாவுல கொண்டாந்து எறக்குனாங்க. உங்க நோட்டுல தாடியோட இருக்கறாரே, அவரு ஜான் கராங், விடுதலைப் படையோட தலைவரு. 2005-ல சமாதான ஒப்பந்தம் போட்டு ஏழே மாசத்துல ஹெலிகாப்டர் விபத்துல போயிட்டாரு, தன் மொகம் போட்ட நோட்ட அவரு பாக்கவே இல்லீங்க.

எல்லாரும் புது நோட்டப் பத்தித்தான் கேக்கறோம், ஆனா நான் எந்த நாட்டுக் கதையப் படிச்சாலும் மொதல்ல தேடறது பழைய நோட்டு என்னாச்சுங்கறதத்தான். தெற்குல இருந்தவங்க கையில அதுவரைக்கும் இருந்தது சூடான் பவுண்டு. ஒண்ணுக்கு ஒண்ணுன்னு மாத்திக் குடுத்தாங்க, சரி. அப்புடி வாங்கி வெச்ச பழைய நோட்டு மலையாட்டம் சேந்துச்சுல்ல, அத வாங்கிக்கிட்டு பதிலுக்கு வேற மதிப்புள்ளது ஏதாச்சும் குடுங்கன்னு சூடான் தலைநகரம் கார்ட்டூம்கிட்ட கேட்டா அவங்க சம்மதிக்கல. அது மட்டுமில்ல, தெற்கு நோட்டு வந்த ஒரே வாரத்துல வடக்கு சூடானும் தன் நோட்டோட டிசைன மாத்திப் புதுசு விட்டுருச்சு, பழச மொத்தமா செல்லாததாக்கறதுக்கு. ஒரே மாசத்துல ரெண்டு பக்கமும் நோட்ட மாத்துனா நடுவுல மாட்டறது யாருங்க? ரோடே இல்லாத ஊர்ல மாடு வித்த காச மடியில முடிஞ்சு வெச்சிருக்கற சனந்தான். பேங்க் எங்க இருக்குதுன்னே தெரியாதவங்களுக்குக் கெடு வெச்சு மாத்துன்னு சொன்னா எப்புடி மாத்துவாங்க.

இப்போ மதிப்புக்கு வரேன். ஒண்ணா இருந்த சூடானோட எண்ணெய்ல முக்கால்வாசி தெற்குக்குப் போச்சு, ஆனா எண்ணெய் கப்பலேறுற துறைமுகமும் அதுக்குப் போற பைப் லைனும் வடக்குல இருக்குது. பைப்புக்கு எவ்வளவு வாடகைங்கற தகராறுல 2012 ஜனவரியில தெற்கு சூடான் தன்னோட கெணறுகள தானே மூடிருச்சு, அரசாங்க வருமானமே கிட்டத்தட்ட முழுசா எண்ணெய்தான், அதயே நிறுத்திட்டாங்க. ஒரு வருசத்துக்கு மேல அப்புடியே கெடந்துச்சு. 2013 டிசம்பர்ல உள்நாட்டுச் சண்டை வேற, அதுக்கு அடுத்த வருசம் ஒலகம் பூரா எண்ணெய் வெலையும் விழுந்துச்சு. ஆரம்பத்துல ஒரு டாலருக்கு மூணு பவுண்டுக்குக் கொஞ்சம் கம்மின்னு அரசாங்கம் கட்டி வெச்சிருந்துச்சு, 2015 டிசம்பர்ல கட்ட அவுத்து விட்டதும் ஒரே நாள்ல பதினெட்டுக்கு மேல போச்சு. இன்னைக்கு ஆயிரக்கணக்குல போயிட்டு இருக்குது. நோட்ட ஞாபகமா வெச்சுக்கோங்க, செலவு பண்ணோணும்னா ஒரு மிட்டாய் வாங்கறதுக்குக் கூடப் பத்தாதுங்க.

சண்ட சச்சரவு இல்லாம பிரிஞ்சு பணத்தயும் ஒழுங்கா பிரிச்சுக்கிட்ட நாடு ஒண்ணு கூடவா இல்ல?
வாசகி, தாராபுரம்

இருக்குது அம்மணி. செக், ஸ்லோவாக்கியா ரெண்டும் 1993 ஜனவரி 1-ம் தேதி பிரிஞ்சுது. கொஞ்ச மாசத்துக்கு ஒரே பணத்த வெச்சுக்கலாம்னுதான் மொதல்ல பேச்சு, ஆனா ஸ்லோவாக்கியா பணத்துக்கு மதிப்பு எறங்கும்னு பயந்து சனங்க எல்லாத்தயும் செக் பக்கத்து பேங்குல கொண்டுபோய்ப் போட ஆரம்பிச்சுட்டாங்க, அஞ்சே வாரத்துல, பிப்ரவரி 8-ம் தேதி, கணக்கப் பிரிச்சுட்டாங்க. புது நோட்டு அடிக்கறதுக்கு நேரமில்ல. என்ன பண்ணுனாங்க தெரியுமுங்களா, தபால்தலை மாதிரி சின்ன ஸ்டாம்ப அச்சடிச்சு, பழைய செக்கோஸ்லோவாக்கியா நோட்டோட மூலையில ஒட்டிக் குடுத்தாங்க. செக் ஸ்டாம்ப் இருந்தா செக் பணம், ஸ்லோவாக் ஸ்டாம்ப் இருந்தா ஸ்லோவாக் பணம். ஒரே நோட்டு, மூலையில ஒட்டுன நகத்தளவு காயிதத்தப் பொறுத்து எந்த நாட்டுப் பணம்னு ஆகுது. சில்லறைக் காசும் சின்ன நோட்டும் கொஞ்ச நாளைக்கு ரெண்டு பக்கமும் அப்புடியே ஓடுச்சு, ஏன்னா கடையில மிச்சம் குடுக்கறது நின்னு போச்சுன்னா ஊரே நின்னு போயிருமுங்க. ரெண்டு அரசாங்கமும் ஒக்காந்து பேசி ஒரே நாள்ல ஒட்டுக்கா பண்ணுனாங்க, அதுதான் விசயம். ஒருத்தர ஒருத்தர் முந்தோணும்னு பண்ணல.

நோட்டுக்குப் பின்னால தங்கம் இருந்தாத்தான் செல்லும்னு எங்க சார் சொல்றாரு. புதுசா சுதந்திரம் வாங்குன ஏழை நாட்டுக்குத் தங்கத்துக்கு எங்க போறது?
காலேஜ் மாணவி, திருப்பூர்

உங்க சார் சொல்றதுல பாதி சரி கண்ணு. தங்கமேதான் வேணுங்கறது இல்ல, ஆனா அரசாங்கம் தன் இஷ்டத்துக்கு அடிச்சுத் தள்ளாதுங்கற உறுதி ஏதாச்சும் ஒரு ரூபத்துல இருக்கோணும். உங்க ஊரு பனியன் கம்பெனிக பில்லு போடறது ஏன் டாலர்லயும் யூரோவுலயும்னு ரோசனை பண்ணிப் பாருங்க, வாங்கறவன் எந்தப் பணத்த நம்பறானோ அதுலதான் வியாபாரம் நடக்கும்.

சோவியத் யூனியன் ஒடஞ்சப்போ பதினஞ்சு நாடு வந்துச்சு, எல்லார்கிட்டயும் இருந்தது ஒரே ரூபிள். இது நம்ம பக்கத்துக் கூட்டுக் கெணறு மாதிரி, பதினஞ்சு பங்காளி, ஆளாளுக்கு ஒரு மோட்டார், யாரு எத்தன மணி நேரம் எறைக்கறதுன்னு மொறை கெடயாது. நோட்டடிக்கற மெசின் ரஷ்யாவுல மட்டுந்தான் இருந்துச்சு, ஆனா கடன் குடுக்கற சென்ட்ரல் பேங்க் ஒவ்வொரு நாட்டுலயும் இருந்துச்சு, எவன் சாஸ்தி கடன் குடுக்கறானோ அவனுக்கு லாபம், வெலைவாசி ஏறுறது எல்லாருக்கும் பொதுவாங்கற நெலம. வெலை தாறுமாறா ஏறுது, அதே சமயம் சம்பளம் குடுக்க நோட்டும் கெடைக்கல.

அதுல மொதல்ல வெளிய வந்தது எஸ்டோனியா. நம்ம கோயமுத்தூர் மாநகர மக்கள்தொகைக்கிட்டத்தான் அந்த நாட்டோட மொத்த சனமே. 1992 ஜூன் 20-ம் தேதி குரோன்னு தன் பணத்த விட்டாங்க. ஆளுக்கு 1500 ரூபிள் வரைக்கும் பத்து ரூபிளுக்கு ஒரு குரோன் கணக்குல மாத்திக்கலாம், அதாவது கையில 150 குரோன் வரும், அவ்வளவுதான், மந்திரியா இருந்தாலும் தோட்ட வேல பாக்கறவரா இருந்தாலும் அதே அளவுதான். எட்டுக் குரோனுக்கு ஒரு ஜெர்மன் மார்க்குன்னு சட்டத்துலயே எழுதிட்டாங்க, மதிப்ப எறக்கற அதிகாரம் சென்ட்ரல் பேங்குக்கே கெடயாதுன்னும் எழுதிட்டாங்க. அதுக்குப் பின்னால நிக்கறதுக்கு என்ன இருந்துச்சுன்னு கேட்டீங்கன்னா, உங்க சார் சொல்ற தங்கமேதான். 1940-ல சோவியத் புடிக்கறதுக்கு முன்னால அந்த நாடு வெளிநாட்டு பேங்குகள்ல போட்டு வெச்சிருந்த தங்கத்துக்கு ஈடா அம்பது வருசம் கழிச்சுத் திரும்பக் கெடச்சுது. அது பத்தாதுன்னு அரசாங்கக் காட்டு மரத்தோட மதிப்பயும் பேங்குக்கு எழுதிக் குடுத்தாங்க. பதினெட்டு வருசத்துக்கு மேல அந்தப் பணம் ஓடுச்சு, நடுவுல ஒரு தடவ கூட மதிப்ப எறக்கல, 2011-ல யூரோவுக்கு மாறிட்டாங்க.

உக்ரைன் இதுக்கு நேர் எதிரு. 1992-லயே கூப்பன் மாதிரி ஒரு தற்காலிகப் பணத்த விட்டாங்க, ஆனா நிறுத்தாம அடிச்சாங்க, 1993-ல ஒரே வருசத்துல வெலைவாசி பத்தாயிரம் சதவீதத்துக்கு மேல ஏறிப் போச்சு, ஆயுசு பூரா சேத்த பணத்துல பெரியவங்க ரொட்டி வாங்குன காலம் அது. 1996 செப்டம்பர்ல கார்போவனெட்ஸ்ங்கற அந்தக் கூப்பன் பணம் ஒரு லட்சம் குடுத்தா ஒரு ஹிரிவ்னியான்னு புதுசா ஆரம்பிச்சாங்க. கஜகஸ்தான் கதை வேற, அவங்க ரூபிள்லயே இருக்கலாம்னுதான் நெனச்சாங்க, 1993 ஜூலையில ரஷ்யா திடீர்னு பழைய ரூபிள் இனிச் செல்லாதுன்னு சொன்னதும் செல்லாத நோட்டெல்லாம் வண்டி வண்டியா எல்லை தாண்டி அங்க வந்து கொட்டுச்சு, கடைசியில நவம்பர் 15-ம் தேதி டெங்கேன்னு சொந்தப் பணத்துக்கு வர வேண்டியதாப் போச்சு. தங்கம் இருக்கறது நல்லதுதான் கண்ணு, ஆனா உக்ரைனுக்கு இல்லாமப் போனது கையக் கட்டுப்படுத்தறது, அதுதான் அத்தன பேரோட சேமிப்பத் தின்னுச்சு.

நான் மில்லு வேலையில இருந்து ரிட்டயர்டு ஆனவன். எங்க அப்பாரு டிரங்குப் பொட்டியில 1947-னு போட்ட ஒரு ரூபா காசு இருக்குது, ஒரு பக்கம் ராஜா தல, இன்னொரு பக்கம் புலி. சுதந்திரம் வந்த வருசத்துல ராஜா தல போட்ட காசா? நம்ம நாடு ஏன் உடனே மாத்தல? பாகிஸ்தான் என்ன பண்ணுச்சு?
வாசகர், சிங்காநல்லூர்

அந்தக் காச விட்டுறாதீங்க. புலி போட்டது நிக்கல் காசு, வெள்ளி கெடயாது. யுத்த காலத்துல அமெரிக்காகிட்ட கடனா வாங்குன வெள்ளியத் திருப்பிக் குடுக்க வேண்டியிருந்ததால வெள்ளிக் காச நிறுத்திட்டு நிக்கலுக்கு வந்தாங்க, ஒரு ரூபாயில புலி வந்தது 1947-ல மட்டுந்தான்.

உடனே மாத்தாததுக்குக் காரணம், மாத்தாம இருக்கறதுதான் அப்போ நல்லது. நாடு ரெண்டா பிரிஞ்சு சனங்க வீடு வாசல விட்டு ஓடிட்டு இருக்கற நேரத்துல, கையில இருக்கற நோட்டும் செல்லாதுன்னு சொன்னா என்ன ஆகியிருக்கும்? ஓட்டைக் காலணாவுல இருந்து நூறு ரூபா வரைக்கும் எல்லாம் அப்புடியே ஓடுச்சு. 1949-ல ஒரு ரூபா நோட்டுல ராஜா போயி அசோகர் தூண் சிங்கம் வந்துச்சு. காந்தி படத்தப் போடலாம்னுதான் மொதல்ல ரோசனை இருந்துச்சு, கடைசியில சிங்கத்துக்கு முடிவாச்சு, காந்தி நோட்டுல வந்தது அவரோட நூற்றாண்டு வருசம் 1969-லதான். காசுல 1950-ல ராஜா போனாரு, ரூபாயில கதிரு, அணாவுல காள, காலணாவுல குதிர. பதினாறு அணா கணக்கு 1957 ஏப்ரல் 1 வரைக்கும் இருந்துச்சு, அப்பறந்தான் நூறு நயா பைசா. பத்து வருசத்துல ஒவ்வொண்ணா மாத்துனதால யாரு மடியில இருந்த காசும் மண்ணாப் போகல. சுதந்திர இந்தியா பண்ணுன நல்ல காரியங்கள்ல இது ஒண்ணுன்னு நான் அடிச்சுச் சொல்லுவேன், யாரும் பெருசாப் பேசறதில்லைங்கறதுதான் எனக்கு வெசனம்.

பாகிஸ்தானுக்கு அன்னைக்கு சென்ட்ரல் பேங்கும் இல்ல, அச்சகமும் இல்ல. அதனால நம்ம ரிசர்வ் பேங்குதான் கொஞ்ச காலம் ரெண்டு நாட்டுக்கும் பொது. 1948-ல பாகிஸ்தானுக்குன்னு விட்ட மொதல் நோட்டு நாசிக்குல அடிச்சதுதானுங்க! அந்த நோட்டப் பக்கத்துல வெச்சுப் பாத்தா மனசு என்னமோ பண்ணும். அதே ஜார்ஜ் ராஜா படம், அதே ரிசர்வ் பேங்க் ஆஃப் இந்தியாங்கற பேரு, வெள்ளையா விட்ட எடத்துல பாகிஸ்தான் அரசாங்கம்னு இங்கிலீஷுலயும் உருதுலயும் மேல அச்சு. நாடு பிரிஞ்சு போச்சு, நோட்டு இன்னும் பிரியல. 1948 ஜூலை 1-ம் தேதி அவங்க ஸ்டேட் பேங்க் ஆஃப் பாகிஸ்தான் ஆரம்பிச்சதுக்கு அப்பறந்தான் தனித்தனியாச்சு.

கஜானாவுல இருந்த ரொக்கத்தப் பிரிக்கறதுலயும் பெரிய தகராறு. பாகிஸ்தான் பங்கு 75 கோடி, அதுல 20 கோடி முன்னாடியே குடுத்தாச்சு, மீதி 55 கோடிய காஷ்மீர் சண்டையக் காட்டி நம்ம அரசாங்கம் நிறுத்தி வெச்சுது. 1948 ஜனவரி 13-ம் தேதி காந்தி டெல்லியில உண்ணாவிரதம் ஒக்காந்தாரு, ரெண்டு நாள்ல குடுத்தர்றோம்னு அரசாங்கம் அறிவிச்சுது.

இனி சொல்லப் போறது உங்க மில்லுக்கே வந்த விசயம். 1949 செப்டம்பர்ல இங்கிலாந்து தன் பவுண்டு மதிப்ப 30 சதவீதத்துக்கு மேல எறக்குச்சு, நம்ம ரூபாயும் கூடவே எறங்குச்சு, பாகிஸ்தான் எறக்க மாட்டேன்னுருச்சு. நேத்து வரைக்கும் நூத்துக்கு நூறா இருந்தது, இப்போ அவங்க நூறு ரூபா வேணும்னா நாம 144 ரூபா குடுக்கோணும். அந்தக் கணக்க இந்தியா ஒத்துக்கல, ரெண்டு நாட்டு வியாபாரமே கிட்டத்தட்ட படுத்துருச்சு. பிரிவினையில நல்ல நீளமான பஞ்சு வெளையற சிந்து, மேற்கு பஞ்சாப் காடெல்லாம் அந்தப் பக்கம் போயிருச்சு, மில்லுகள்ல பெரும்பாலும் இந்தப் பக்கம். பைக்காரா கரண்ட நம்பி 1930-கள்ல வரிசையா வந்த நம்ம கோயமுத்தூர் மில்லுகளுக்கும் பஞ்சுதான மூச்சு, நம்ம பக்கத்துக் கம்போடியா பருத்தி இருந்தாலும் அது மட்டுமே நாடு பூராவும் இருக்கற மில்லுகளுக்குப் பத்துமா? அந்தக் கால மில்லுக்காரங்க பஞ்சுத் தட்டுப்பாடுன்னு பேசிக் கேட்டிருப்பீங்க, அதுக்கு இந்த 144 ரூபாக் கணக்கும் ஒரு காரணம். 1951 பிப்ரவரியில இந்தியா அந்தக் கணக்க ஒத்துக்கிட்டு ஒப்பந்தம் போட்டப்பறந்தான் வியாபாரம் திரும்ப ஓடுச்சு. பாகிஸ்தானும் 1955-ல தன் ரூபாய எறக்கிருச்சு. எங்கயோ கராச்சியில எடுத்த முடிவு சிங்காநல்லூர்ல தறியும் கதிரும் ஓடறதயும் நிக்கறதயும் தொட்டுப் பாத்த கதைங்க இது.

சொந்தப் பணம் இல்லாமயே ஒரு நாடு இருக்க முடியுங்களா?
வாசகர், பல்லடம்

முடியும். கிழக்குத் திமோர் 2002-ல சுதந்திரம் வாங்குச்சு, இன்னைக்கும் அமெரிக்க டாலர்தான், சில்லறைக்கு மட்டும் சென்டாவோன்னு தன் காசு. கொசோவோ யூரோவ வெச்சுக்குது. நோட்டடிக்கற வம்பு இல்ல, வெலை தாறுமாறா ஏறாது, ஆனா கஷ்ட காலத்துல மதிப்பக் கொஞ்சம் எறக்கி ஏத்துமதியத் தூக்கற வழியும் இல்ல. சின்ன நாடு, சண்டையில நொந்து போன நாடுன்னா மொத இருவது வருசத்துக்கு இது நல்ல வழின்னுதான் எனக்குத் தோணுது. கொடியும் பாட்டும் உடனே வேணும், நோட்டு கொஞ்சம் பொறுத்துக்கலாம்.

நான் துபாய்ல டிரைவரா இருந்தேன். அங்க வயசான அரபிங்க இன்னமும் பேச்சுல ரூபியான்னு சொல்றாங்க. நம்ம ரூபா அங்க ஓடுச்சாமே, உண்மையா?
வாசகர், மேட்டுப்பாளையம்

உண்மைதானுங்க, கொஞ்ச நஞ்சமில்ல, வளைகுடா பூராவும் ரொம்ப காலம் நம்ம ரூபாதான். குவைத், பஹ்ரைன், கத்தார், துபாய் எல்லாப் பக்கமும். ஆனா அங்கிருந்து தங்கத்தக் கடத்திக் கொண்டாந்து விக்கறதுக்கு இங்கத்த நோட்டு கட்டுக் கட்டா அங்க போச்சு, அத பேங்க் வழியா திருப்பிக் குடுத்து ரிசர்வ் பேங்குகிட்ட அன்னியச் செலாவணி வாங்குனாங்க, நம்ம கையிருப்பு கரைஞ்சுது. அதனால 1959-ல வளைகுடாவுக்குன்னே தனி நோட்டு அடிச்சாங்க, டிசைன் நம்ம நோட்டு மாதிரியே, நெறம் வேற, நம்பருக்கு முன்னால இசட்டுங்கற எழுத்து. அந்த நோட்டு உள்ளூர்ல செல்லாது.

குவைத் 1961-ல சுதந்திரம் வாங்கற நேரத்துலயே தினாருக்குப் போயிருச்சு. 1965-ல பஹ்ரைனும் தன் தினாருக்குப் போச்சு. மத்தவங்க நம்மள நம்பி இருந்தாங்க. 1966 ஜூன் 6-ம் தேதி நம்ம அரசாங்கம் ஒரு டாலர் 4.76 ரூபாயில இருந்து 7.50-னு எறக்குச்சு. தூரத்துல டெல்லியில எடுத்த முடிவால துபாய்க் கடக்காரன் பொட்டியில இருந்த பணம் ஒரே ராத்திரியில குறைஞ்சு போச்சு, அவங்க எப்புடிங்க பொறுப்பாங்க? அந்த வருசமே கத்தாரும் துபாயும் சேந்து ஒரு ரியால் விட்டாங்க, எறக்கறதுக்கு முன்னால ரூபாய்க்கு இருந்த பழைய மதிப்புல. 1971 டிசம்பர் 2-ம் தேதி ஐக்கிய அமீரகம் உருவாச்சு, நீங்க சம்பளம் வாங்குன திர்ஹாம் வந்தது 1973 மே 19-ம் தேதி. அதுவரைக்கும் அபுதாபியில பஹ்ரைன் தினாரும் துபாய்ல ரியாலும் ஓடுச்சு.

பழைய நோட்டு, காசெல்லாம் லட்சக்கணக்குல வாங்கிக்கறோம்னு வாட்ஸப்புல வருது, முன்பணம் கட்டச் சொல்றாங்க. கட்டலாமா?
வாசகி, உடுமலை

வேண்டவே வேண்டாம் அம்மணி, ஒத்தை ரூபா கட்டாதீங்க. ரிசர்வ் பேங்க் பேரு, முத்திரையெல்லாம் போட்டு இந்த மாதிரி கமிஷன், வரின்னு கேக்கறாங்கன்னு ரிசர்வ் பேங்கே 2021 ஆகஸ்ட்ல எச்சரிக்கை குடுத்துருக்குது, தான் யாருக்கும் அப்புடி அனுமதி குடுக்கலன்னும் சொல்லிருக்குது. வாங்கறவன் எதுக்கு விக்கறவங்ககிட்ட முன்பணம் கேக்கறான்? ஏற்கனவே கட்டியிருந்தீங்கன்னா வெக்கப்படாம இன்னைக்கே 1930-க்கு போன் பண்ணி சைபர் கிரைமுல புகார் குடுங்க.

எங்க சித்தப்பா சிங்கப்பூர்ல இருந்து வந்தப்போ குடுத்த நோட்டுகளோட புருனை நாட்டு பத்து டாலர் நோட்டு ஒண்ணும் கலந்துருக்குது. சிங்கப்பூர் நோட்டுல தமிழ் இருக்கறது சந்தோசமா இருக்குது. இந்தப் புருனை நோட்ட என்ன பண்றது?
வாசகர், கரூர்

சிங்கப்பூர் 1965 ஆகஸ்ட் 9-ம் தேதி மலேசியாவுல இருந்து தனியாச்சு, 1967 ஜூன் 12-ம் தேதி தன் டாலர விட்டுச்சு. மொத வரிசை நோட்டுல ஆர்க்கிட் பூவு. அன்னையில இருந்து இன்னைக்கு வரைக்கும் நோட்டுல சிங்கப்பூர்னு நாலு மொழியில இருக்குது, நம்ம எழுத்தும் சேந்து. ரப்பர் தோட்டத்துலயும் துறைமுகத்துலயும் நம்ம சனம் சிந்துன வேர்வைக்கு ஒரு நாடு குடுத்த மரியாதயாத்தான் நான் பாக்கறேன்.

அன்னைக்கே மலேசியாவும் புருனையும் தங்களோட சொந்தப் பணத்த விட்டுச்சு, மூணும் ஒண்ணுக்கு ஒண்ணு மாத்திக்கலாம்னு ஒப்பந்தம். அதுக்கு முன்னால மூணு எடத்துலயும் ஓடுனது மலாயா, பிரிட்டிஷ் போர்னியோவுக்குப் பொதுவான டாலர், அந்தப் பழைய பத்து டாலர்ல எருமை பூட்டி ஏரு ஓட்டற படம் இருக்கும். அவசரமில்ல, மெதுவா மாத்திக்கலாம்னு சொல்லி அதயும் கூடவே ஓட விட்டாங்க. ஆனா அஞ்சே மாசத்துல, 1967 நவம்பர்ல, இங்கிலாந்து பவுண்டு மதிப்ப 14.3 சதவீதம் எறக்குச்சு. புது டாலர எறக்கல, பவுண்டோட கட்டியிருந்த பழைய டாலர் மட்டும் எறங்கிருச்சு, ஒரு டாலர் எண்பத்தஞ்சு காசுக்குப் போச்சு. மாத்தாம வெச்சிருந்தது யாரு, சம்பளத்த டப்பாவுல போட்டு வெக்கற கூலிக்காரங்களும் சின்னக் கடக்காரங்களுந்தான். பினாங்குல கடையடைப்புன்னு ஆரம்பிச்சு கலவரமாயி உசுரும் போச்சு. அத்தன அக்கறையா திட்டம் போட்ட எடத்துலயே பழைய நோட்டுக்காரனுக்கு ஒரு உத்தரவாதம் எழுத விட்டுட்டாங்க பாருங்க, அதப் படிக்கறப்போ எனக்கு இன்னமும் ஆறல.

மலேசியா 1973 மே மாசம் அந்த மாத்து ஒப்பந்தத்துல இருந்து வெலகிருச்சு. சிங்கப்பூரும் புருனையும் வெலகல, இப்பவும் ஒண்ணுக்கு ஒண்ணுதான். அதனால உங்க நோட்டு வீணாப் போகாதுங்க. இங்க கரூர்ல மாத்தறதுக்கு அலையாதீங்க, இங்க மாத்தறவங்க இந்த நோட்ட எடுத்தா பெரிசுதான், எடுத்தாலும் கொறைச்சுத்தான் குடுப்பாங்க. உங்க சித்தப்பா அடுத்த தடவ போறப்போ குடுத்தனுப்புங்க, சிங்கப்பூர் பேங்குல குடுத்தா பத்து சிங்கப்பூர் டாலர் முழுசாக் கெடைக்கும், கிழியாம மடிக்காம ஒரு கவர்ல போட்டுக் குடுங்க.